பச்சை நிறக் கட்டங்களுக்கு அப்பால்: இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களும் குழந்தைப் பாதுகாப்பும்

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் ஒரு குழு கூடுவதற்கு ஐந்து முழு வேலை நாட்கள் முன்னதாகவே அந்தக் கூட்டத்துக்கான ஆவணக் கட்டு பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். குழந்தைகள் நலப் பிரிவைக் கண்காணிக்கும் குழுவுக்கு வரும் கட்டில் தவறாமல் ஓர் அட்டவணை இருக்கும். பிள்ளை ஒன்றைப் பற்றிக் கவலை தெரிவித்து வந்த தகவல்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு ஒரே வேலை நாளில் முடிவெடுக்கப்பட்டது, எத்தனை மதிப்பீடுகள் 45 வேலை நாட்களுக்குள் முடிந்தன, தீங்குக்கு ஆளாகக்கூடிய பிள்ளையைப் பற்றிப் பல துறையினரும் கூடிப் பேசும் பாதுகாப்புக் கலந்தாய்வுகளில் எத்தனை 15 வேலை நாட்களுக்குள் கூட்டப்பட்டன என்று வரிசையாக எண்கள் நிற்கும். ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டைக் கையில் வாங்கும் கவுன்சிலர் பகலில் பள்ளியிலோ கடையிலோ வேலை பார்ப்பவராக இருக்கலாம்; ஓய்வு பெற்றவராக இருக்கலாம். மாலையில் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அவர் அந்த நிறங்களைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். பச்சைக் கட்டம் அவருக்குச் சொல்வது, வேலை குறித்த நாளில் முடிந்தது என்பதை மட்டுமே. அந்த வீட்டுக்குப் போன சமூகப் பணியாளர் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசினாரா, பிள்ளை என்ன சொன்னது, சொன்னதை நம்பினார்களா என்பதெல்லாம் அட்டவணையில் ஏறுவதில்லை.

கடந்த எண்பது ஆண்டுகளில் இங்கிலாந்து இதற்குக் கொடுத்த விலை பெரிது. ஒவ்வொரு துயரத்துக்குப் பின்னும் மேற்பார்வைக்கு இன்னோர் அடுக்கு கூட்டப்பட்டது. அடுத்த துயரம் நேர்ந்தபோது, அத்தனை அடுக்குகளும் ஒரே தாளையே மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது.

முதலில் பொறுப்பு யாருடையது என்பதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் குழந்தைகள் நலப் பொறுப்பு 153 உள்ளாட்சி மன்றங்களிடம் இருக்கிறது. அடித்தளம் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். அதன் 17ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவும் கடமையை மன்றத்தின் மேல் வைக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று ஐயப்பட நியாயமான காரணம் இருந்தால், 47ஆம் பிரிவின்படி மன்றம் விசாரித்தே ஆக வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளையை எடுத்து மன்றத்தின் பராமரிப்பில் வைக்கும் உத்தரவை 31ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் மட்டுமே தர முடியும். 2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்து முழுவதும் 83,630 பிள்ளைகள் மன்றங்களின் பராமரிப்பில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வளர்ப்புக் குடும்பங்களிலும் மற்றவர்கள் குழந்தைகள் இல்லங்களிலும் பிற ஏற்பாடுகளிலும் வாழ்கிறார்கள்.

இந்தப் பொறுப்பு உள்ளாட்சியிடம் இன்றைய வடிவில் வந்து சேர்ந்ததற்குப் பின்னாலும் ஒரு பிள்ளையின் சாவு இருக்கிறது. 1945 ஜனவரியில் ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் டெனிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவன், வளர்க்கப் பொறுப்பேற்றவர்களின் கொடுமையால் இறந்தான். அவனை அங்கே அனுப்பியது நியூபோர்ட் நகராட்சி. பண்ணை இருந்ததோ ஷ்ராப்ஷயர் மன்றத்தின் எல்லைக்குள். அவனைப் போய்ப் பார்த்துவர வேண்டியது யார் என்பதில் இரு மன்றங்களுக்கும் இடையே இருந்த குழப்பத்தை சர் வால்டர் மாங்க்டனின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மன்றத்திலும் குழந்தைகளுக்கென்று தனிக் குழுவும் தனி அதிகாரியும் இருக்க வேண்டும் என்று விதித்ததற்கு, அந்தச் சாவு எழுப்பிய கொந்தளிப்பும் ஒரு காரணம். ‘பிள்ளையை நேரில் பார்த்தவர் யார்?’ என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது.

அதே கேள்வி 2000ஆம் ஆண்டில் லண்டனில் திரும்பி வந்தது. ஐவரி கோஸ்ட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, நல்ல படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் உறவுக்காரப் பெண்மணி ஒருவருடன் அனுப்பிவைத்தவள். அந்தப் பெண்மணியும் அவருடைய துணைவரும் அவளைச் சித்திரவதை செய்தார்கள். 2000 பிப்ரவரி 25 அன்று அவள் இறந்தபோது உடலில் 128 காயங்கள் இருந்தன. நான்கு மன்றங்களின் சமூகப் பணித் துறைகள், காவல்துறை, இரண்டு மருத்துவமனைகள், ஒரு தொண்டு நிறுவனம் ஆகிய அனைத்துக்கும் அவளைப் பற்றித் தெரிந்திருந்தது. லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை 2003 ஜனவரியில் தன் அறிக்கையை 108 பரிந்துரைகளுடன் வெளியிட்டது. அவளைக் காப்பாற்ற வாய்ப்பிருந்த 12 தருணங்களையாவது அது சுட்டிக்காட்டியது.

அதில் ஒரு தருணத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 1999 ஜூலையில், பகல் நேரத்தில் கூலிக்கு அவளைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் மகள் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். முதலில் பார்த்த மருத்துவர் இவை வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்ட காயங்களாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். காவல்துறையின் பாதுகாப்பும் உடனே போடப்பட்டது. பிறகு வந்த மூத்த மருத்துவர் தோலில் இருந்தது சிரங்கு என்று முடிவு சொன்னார். அந்த ஒரு சொல் மருத்துவமனையிலிருந்து மன்றத்துக்கும் காவல்துறைக்கும் போகும் வழியிலேயே ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று மாறிவிட்டது. பாதுகாப்பு விலக்கப்பட்டது; சிறுமி திருப்பி அனுப்பப்பட்டாள். பிரெஞ்சு பேசிய அந்தப் பிள்ளையிடம் அவள் மொழியில் உட்கார்ந்து கேட்டவர் யாரும் இல்லை. அதற்குப் பிறகு ஹாரிங்கே மன்றத்தில் அவளுக்குப் பொறுப்பாக இருந்த சமூகப் பணியாளர் அவளை மொத்தம் நான்கு முறை பார்த்தார். நான்கையும் சேர்த்தால் அரை மணி நேரம்கூட இல்லை.

கீழே நடந்தது தங்களுக்குத் தெரியாது என்ற மேலதிகாரிகளின் வாதத்தை லேமிங் ஏற்கவில்லை. அதன் விளைவாக வந்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்புக்கு முகம் கொடுத்தது. ஒவ்வொரு மன்றத்திலும் குழந்தைகள் நல இயக்குநர் என்று ஓர் அதிகாரியும், அதே பொறுப்பை அரசியல் தளத்தில் ஏற்கும் கவுன்சிலர் ஒருவரும் கட்டாயமாக இருக்க வேண்டும். இனி யாரிடம் கேட்பது என்ற குழப்பம் இருக்காது. அதற்கு முன்பே, 1998இல், அன்றைய சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டாப்சன் எல்லாக் கவுன்சிலர்களுக்கும் எழுதி, மன்றத்தின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கவுன்சிலர்களே பெற்றோர் நிலையில் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டியிருந்தார். ‘கார்ப்பரேட் பேரண்ட்’ என்பது அவர்கள் வழங்கும் பெயர். சொல் வணிக வாடை அடித்தாலும் பொருள் கனமானது: என் பிள்ளைக்கு இது போதுமா என்று கேட்டுப் பார்த்துத்தான் கவுன்சிலர் கை தூக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கடமையின் கோட்பாடுகளை எழுத்தில் வைத்தது.

மன்றத்துக்குள் இன்னொரு காவலும் உண்டு. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பெரும்பாலான மன்றங்களில் தலைவரும் சிறிய அமைச்சரவையும் முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அமைச்சரவையில் இல்லாத மற்றக் கவுன்சிலர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழுக்களுக்கு அந்த முடிவுகளைக் கேள்விக்கு உட்படுத்தும் அதிகாரம் தரப்பட்டது. பராமரிப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் சுயேச்சையான மறுஆய்வு அதிகாரி ஒருவர் இருக்கிறார். பிள்ளை வந்த 20 வேலை நாட்களுக்குள்ளும், பிறகு மூன்று மாதத்துக்குள்ளும், அதன்பின் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் திட்டத்தை அவர் மறுஆய்வு செய்ய வேண்டும். மன்றம், காவல்துறை, சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து வட்டாரப் பாதுகாப்புக் கூட்டாளிகளாகப் பொறுப்பேற்கும் ஏற்பாடு 2019 முதல் நடப்பில் உள்ளது. வெளியிலிருந்து பார்க்கும் கண் ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வு அமைப்பு. அதற்கும் மேலே, தோற்றுப்போன மன்றத்தின் கையிலிருந்து பொறுப்பையே எடுத்துவிடும் அதிகாரம் கொண்ட மத்திய அரசின் அமைச்சர்.

இத்தனை அடுக்குகளும் ஒரே நேரத்தில் எப்படிக் குருடாக முடியும் என்பதற்கு ஹாரிங்கேயே மீண்டும் விடை தந்தது. 2007 ஆகஸ்ட் 3 அன்று, 17 மாதக் குழந்தை பீட்டர் கானலி அங்கே இறந்தான். கடைசி எட்டு மாதங்களில் சமூகப் பணியாளர்களும் மருத்துவப் பணியாளர்களும் காவலர்களுமாக ஏறக்குறைய அறுபது முறை அந்தக் குடும்பத்தைச் சந்தித்திருந்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ஆஃப்ஸ்டெட் வெளியிட்ட ஆண்டு மதிப்பீடு ஹாரிங்கேயின் குழந்தைகள் நலப் பணிக்கு ‘நன்று’ என்று தரம் தந்திருந்தது. மன்றம் கொடுத்த புள்ளிவிவரங்களை நம்பி எழுதிய மதிப்பீடு அது என்பதும், அவற்றில் பொய்யானவையும் இருந்தன என்பதும் அடுத்த ஆண்டு வெளிவந்தன. அமைச்சர் எட் பால்ஸ் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் அந்த மன்றத்தின் இயக்குநரை நீக்கினார். அவர் தரப்பைக் கேட்காமல் செய்த அந்த நீக்கம் முறையற்றது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தலையை உருட்டியதால் எந்தப் பிள்ளைக்கும் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. நல்ல சமூகப் பணியாளர்கள் இந்த வேலைக்கு வர அஞ்சியதுதான் மிச்சம். ஆய்வு முறை பின்னர் மாறியது உண்மையான முன்னேற்றம். இப்போது ஆய்வாளர்கள் மன்ற அலுவலகத்தில் சமூகப் பணியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் கோப்பைத் திறந்து, இந்த வீட்டில் என்ன நடக்கிறது, நீங்கள் ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கனமான பாடம் ரோதரம். தெற்கு யார்க்‌ஷயரில் உள்ள அந்த நகரில் 1997 முதல் 2013 வரை குறைந்தபட்சக் கணக்காக 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை 2014 ஆகஸ்ட் 26 அன்று சொன்னது. எண் உலகை உலுக்கியது. ஆனால் மேற்பார்வையைப் பற்றி யோசிப்பவருக்கு அந்த அறிக்கையில் இன்னும் கசப்பானது வேறொன்று: தகவல் இருந்தது. 1997இலேயே தொடங்கப்பட்ட இளைஞர் நலத் திட்டம் ஒன்று சிறுமிகளிடமிருந்து கேட்டவற்றைத் தொடர்ந்து மேலே சொல்லிக்கொண்டே இருந்தது. 2002, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று அறிக்கைகள் நிலைமையைத் தெளிவாக எழுதின. முதலாவது அமுக்கப்பட்டது, மற்ற இரண்டும் கண்டுகொள்ளப்படவில்லை. 2004-05இல் கவுன்சிலர்களுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் நடத்தப்பட்ட கருத்தரங்குகளில் நடப்பது என்ன என்பது ஒளிவுமறைவின்றி விளக்கப்பட்டது. அதற்குப் பிறகு தெரியாது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது என்று ஜே எழுதினார். 2009இல் அந்த மன்றத்தின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு மத்திய அரசு திருந்தும்படி அறிவிப்புக் கொடுத்தது. 2011 தொடக்கத்தில் அதை விலக்கிக்கொண்டது. கட்டங்கள் நிரம்பின, நிறங்கள் மாறின. சிறுமிகளின் நிலை மாறவில்லை.

அந்தக் கவுன்சிலர்கள் ஏன் கேட்கவில்லை? 2015 பிப்ரவரியில், மத்திய அரசு நியமித்த லூயிஸ் கேசி அளித்த ஆய்வு அறிக்கை இதற்குள் ஆழமாகப் போனது. கண்காணிப்புக் குழுக்களுக்கு அறிக்கைகள் ஒழுங்காக வந்திருந்தன; ஆனால் கவுன்சிலர்கள் எதிர்க்கேள்வி எழுப்பவில்லை. கேள்வி கேட்பதே பகைமையாகவும் மிரட்டலாகவும் பார்க்கப்பட்ட சூழல் அங்கே வேரூன்றியிருந்தது. ஒரே கட்சி நெடுங்காலம் ஆண்ட மன்றத்தில், கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே கட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். அமைச்சரவைக் கவுன்சிலரைச் சங்கடப்படுத்தும் கேள்விக்குத் துணிவு வேண்டும். தெரியவந்த குற்றவாளிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தானிய வம்சாவளியினர் என்பதால், உண்மையைச் சொன்னால் இனவெறியர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சமும் ஊழியர்களின் வாயைக் கட்டியது. சிறுமிகளை அவர்களே விரும்பிப் போனவர்கள் என்று எண்ணிய காவலர்களின் இகழ்ச்சியும் அதற்குக் குறைந்த காரணமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ‘விரும்பினாள்’ என்று ஒரு கோப்பில் எழுதப்பட்டு, அது யார் கண்ணையும் உறுத்தாமல் கடந்துபோயிருந்தால், அந்தக் கோப்பைப் பார்த்த ஒவ்வொரு கையும் தோற்றிருக்கிறது.

ஜேயின் அறிக்கை வந்த அன்றே மன்றத் தலைவர் பதவி விலகினார். கேசியின் அறிக்கை வந்த அன்று அமைச்சரவை முழுவதும் விலகுவதாக அறிவித்தது. சர் டெரிக் மயர்ஸ் தலைமையில் ஐந்து ஆணையர்கள் மன்றத்தின் அதிகாரங்களை ஏற்றார்கள். அதிகாரங்கள் படிப்படியாகத் திரும்பி, 2018இல் முழுமையாக மன்றத்தின் கைக்கு வந்தன. அதே ஆண்டு தொடக்கத்தில் ஆஃப்ஸ்டெட் அதன் குழந்தைகள் நலப் பணிக்கு ‘நன்று’ என்று தரமளித்தது. இம்முறை கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு.

திருந்த முடியும் என்பதற்கு லீட்ஸ் நகரமும் சாட்சி. 2009இல் போதாது என்று கண்டிக்கப்பட்ட அதன் குழந்தைகள் நலப் பணி 2015இல் ‘நன்று’, 2018இல் ‘மிகச் சிறப்பு’ என்று உயர்ந்தது. இயக்குநர் நைஜல் ரிச்சர்ட்சனும் பொறுப்புக் கவுன்சிலர் ஜூடித் பிளேக்கும் இலக்குகளை மூன்றாகச் சுருக்கினார்கள்: பராமரிப்புக்கு வர வேண்டிய நிலைக்குத் தள்ளப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, பள்ளி வருகையை உயர்த்துவது, படிப்போ வேலையோ இல்லாமல் நிற்கும் இளையோரைக் குறைப்பது. குடும்பத்தையே உட்காரவைத்து, தாத்தா பாட்டி சித்தி மாமா எல்லோரையும் அழைத்து, பிள்ளைக்கான திட்டத்தை அவர்களையே வகுக்கச் செய்யும் கலந்தாய்வுகள் அங்கே வழக்கமாயின. கவுன்சிலருக்கு இதனால் கிடைத்த நன்மை எளியது: எதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. கவுன்சில்காரர்கள் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பேச்சு பல வீடுகளில் புழங்குகிறது. அந்த அச்சத்தாலேயே உதவி கேட்காமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. சட்டப்படி காவல்துறை அவசரத்தில் பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கக்கூடிய அதிகபட்சக் காலம் 72 மணி நேரம். அதற்கு மேல் பெற்றோரின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். நீதிமன்றத்தில் பெற்றோருக்கு வழக்கறிஞர் உண்டு. பிள்ளையின் சார்பில் பேசத் தனிப்பட்ட பாதுகாவலரும் வழக்கறிஞரும் உண்டு. வீட்டுப் பிள்ளையையோ, உடன் வந்த உறவினரையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். தனி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; விக்டோரியாவுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

இன்றைய மன்றங்களின் பெரிய சிக்கல் தொலைவும் பணமும். குழந்தைகள் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை இப்போது தனியார் கையில் இருக்கின்றன. பெரிய தனியார் நிறுவனங்களின் இல்லங்களில் இயக்க லாபம் சராசரியாக 22 விழுக்காட்டுக்கும் மேல் இருந்ததாகப் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2022இல் கண்டறிந்தது. வீட்டு விலை மலிவான வட்டாரங்களில் இல்லங்கள் குவிகின்றன. லண்டன் பிள்ளை வடமேற்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்படுகிறது. இருநூறு மைல் தள்ளி இருக்கும் பிள்ளையை அதன் ‘பெற்றோரான’ கவுன்சிலர் பார்க்கப் போவதில்லை. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வோர் இல்லத்துக்கும் மாதம் ஒரு முறை சுயேச்சையான ஒருவர் வந்து, பிள்ளைகளோடு பேசி, அறிக்கை எழுத வேண்டும். ஆனால் அந்த ஆளை நியமிப்பது இல்லத்தை நடத்தும் நிறுவனமே. அந்த அறிக்கைகள் கண்காணிப்புக் குழுவின் மேசைக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு மன்றமும் வற்புறுத்தலாம். பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டுக் கேட்பதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. கடந்த ஓராண்டில் ஒரு பிள்ளைக்கு எத்தனை சமூகப் பணியாளர்கள் மாறினார்கள், எத்தனை வீடுகள் மாறின, கடைசியாக அந்தப் பிள்ளையைத் தனியாகச் சந்தித்தது எப்போது என்ற மூன்றையும் எந்தக் கவுன்சிலரும் நிறமில்லாமல் கேட்கலாம்.

கண்ணுக்கே படாத பிள்ளைகளும் உண்டு. சர்ரே வட்டாரத்தில் 2023 ஆகஸ்டில் கொல்லப்பட்ட பத்து வயது சாரா ஷரீஃப், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு வீட்டிலேயே படிக்கவைக்கப் போவதாகச் சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். அன்றாடம் அவள் முகத்தைப் பார்த்த ஆசிரியர்களின் கண்களும் அத்தோடு விலகின. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் சட்ட முன்வடிவு, பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்கு மன்றங்கள் பதிவேடு வைப்பதைக் கட்டாயமாக்க முன்மொழிந்தது. பதிவேடு தேவைதான். ஆனால் அதுவும் நாளை அட்டவணையில் ஒரு வரியாக, ஒரு பச்சைக் கட்டமாக நின்றுவிடக்கூடும்.

ரோதரமில் இப்போது ஆண்டுக்கொரு முறை ஒரு வழக்கம் நடக்கிறது. நகரின் இளையோர் மன்றத்தைச் சேர்ந்த பிள்ளைகள் கண்காணிப்புக் குழுவின் இருக்கைகளில் அமர்கிறார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் அவர்களே. தாங்கள் தேர்ந்தெடுத்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேள்வி கேட்கிறார்கள். அதிகாரிகள் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள்.